வாச்சாத்திக்கு அரசு வைத்திருக்கும் பாக்கி

31 ஆண்டுகள் நடந்த வழக்கில் குற்றவாளிகளுக்குத் தண்டனை உறுதியாகிவிட்டது. அந்தக் குற்றத்துக்கு இடம் கொடுத்த அதிகார ஏற்பாட்டை யார் விசாரிப்பது?

1992 ஜூன் 20, சனிக்கிழமை. தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. காலையில் சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறையினருக்கும் ஊராருக்கும் தகராறு. ஊர்க்காரர் ஒருவரை அவர்கள் அடிக்க, பதிலுக்கு வனத்துறை ஊழியர் ஒருவருக்கும் அடி விழுந்தது. பொழுது சாய்வதற்குள் பெரும்படை ஊரைச் சுற்றி வளைத்தது. வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர். ஆண்களில் பலர் மலைக்குள் தப்பி ஓடிவிட்டார்கள். அகப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் ஊர் ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். அவர்களிலிருந்து 18 பெண்களைப் பிரித்து, ஒளித்து வைத்த கட்டையைக் காட்டு என்று சொல்லி ஏரிப்பக்கம் ஓட்டிப்போனார்கள். அந்த 18 பேரில் ஒருத்தி 13 வயதுச் சிறுமி. இன்னொருவர் எட்டு மாதக் கர்ப்பிணி. அங்கே அவர்களுக்கு நேர்ந்தது பாலியல் வன்கொடுமை. அன்றிரவு அரூர் வனச்சரக அலுவலகத்தில் அடைத்து வைத்தார்கள். ஊர்க்கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி அந்தப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். அதன் பிறகு அவர்களைச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள்.

அடுத்த இரண்டு நாட்களும் ஊர் அவர்கள் கையில்தான் இருந்தது. வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்று, மிச்சத்தைக் கிணற்றில் வீசிக் குடிதண்ணீரைக் கெடுத்தார்கள். சேமித்து வைத்திருந்த தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். சந்தனக்கட்டை தேட வந்தவர்களுக்குத் தானியத்தில் கண்ணாடியைக் கலக்கும் வேலை எதற்கு? அந்த ஊரில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்கள்தான் அதைச் செய்வார்கள். 90 பெண்கள், 15 ஆண்கள், 28 குழந்தைகள் என்று கைது நடந்தது. கடத்தல்காரர்களைப் பிடித்ததாகச் சொன்ன பட்டியலில் ஆண்களைப்போல ஆறு மடங்கு பெண்கள் இருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்ட உயரதிகாரி ஒருவரும் இல்லை.

2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் குற்றவாளிகளின் மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தது. தமிழ்நாடே அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியது. கொண்டாடியதில் தவறில்லை. ஆனால், வாச்சாத்தியை 269 கெட்ட அதிகாரிகளின் கதையாக மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், அந்தத் தீர்ப்பின் பாதியைத்தான் படித்திருக்கிறோம் என்று பொருள். காட்டின் உரிமையாளரும், அதன் காவலரும், குற்றம் சாட்டுகிறவரும், ஆவணங்களை வைத்திருப்பவரும் ஒரே துறையாக இருக்கிற ஏற்பாடுதான் அந்த ஜூன் மாதத்தைச் சாத்தியமாக்கியது. அந்த ஏற்பாட்டை மாற்ற நாட்டில் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டில் முழுமையாக நடைமுறைப்படுத்தாமல் இருப்பதுதான் வாச்சாத்திக்கு இந்த அரசு இன்னும் வைத்திருக்கும் பாக்கி.

வழக்கு நகர்ந்த விதம்

பாதிக்கப்பட்டவர்களே சிறையில் இருந்ததால் கொடுமை உடனே வெளியே தெரியவில்லை. அடுத்த மாதம் சித்தேரி மலைக்குப் போன தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் காதுக்கு விஷயம் எட்டியது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அன்றைய மாநில அரசு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே சாதித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்து அளித்த அறிக்கைதான் அரசின் மறுப்பை முதலில் உடைத்தது. 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவானது. அதன்பின் குற்றப்பத்திரிகை, வாய்தா, சாட்சி விசாரணை என்று ஆண்டுகள் ஓடின. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிபதி குமரகுரு, குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். தண்டனை பெற்றவர்களில் இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வர் உண்டு.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அந்த ஏரியையும் ஊரையும் கண்ணால் பார்த்த பிறகு எழுதிய தீர்ப்பு அது. அசல் கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றவே அப்பாவிப் பழங்குடிப் பெண்கள் பலியாக்கப்பட்டார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். கீழ்நிலை ஊழியர்களோடு அவர் நின்றுவிடவில்லை. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதியைப் பாலியல் குற்றவாளிகளிடமிருந்து வசூலிப்பது, அந்தக் குடும்பங்களுக்கு அரசு வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு, வாச்சாத்தி மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த நடவடிக்கை என்று தீர்ப்பு விரிந்தது.

■ பெட்டிச் செய்தி: தீர்ப்பில் உள்ள எண்கள்

குற்றம் சாட்டப்பட்டவர்கள்: 269 பேர்

2011 தீர்ப்புக்குள் இறந்தவர்கள்: 54 பேர்

தண்டிக்கப்பட்டவர்கள்: 215 பேர் (வனத்துறை 126, காவல் துறை 84, வருவாய்த் துறை 5)

பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள்: 17 பேர். 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு சிறை

மற்றவர்களுக்கு: 1 முதல் 3 ஆண்டு வரை சிறை

சம்பவத்திலிருந்து உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை: 31 ஆண்டு 3 மாதம்

“அமைப்பு வேலை செய்தது” என்பது சரியா?

இந்தத் தீர்ப்பைப் பற்றி அடிக்கடி கேட்கிற வாதம் இது: தாமதமானாலும் நீதி கிடைத்ததே, நம் அமைப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வழக்கின் ஒவ்வொரு திருப்பத்தையும் எடுத்துப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. ஊர்மக்களின் புகாரை முதலில் எழுதி வாங்கியிருக்க வேண்டிய காவல் நிலையம் அதைச் செய்யவில்லை. காவலில் வைத்த பெண்களின் உடல்நிலையைக் கவனித்திருக்க வேண்டியவர்கள் கவனிக்கவில்லை. மாவட்ட நிர்வாகம் தன் ஊழியர்களைக் காப்பாற்றியது. மாநில அரசு மறுத்தது. வழக்கை உயிரோடு வைத்திருந்தவை அமைப்புக்கு வெளியே இருந்தவை. அந்த மலைக்குப் போய்க் காது கொடுத்துக் கேட்ட ஒரு சங்கம் இருந்தது. டெல்லி வரை போகத் துணிந்த ஒரு கட்சித் தலைவர் இருந்தார். கட்டணம் பாராமல் வாதாடிய வழக்கறிஞர்கள் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூண்டில் ஏறித் தனக்கு நேர்ந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சம்மதித்த பெண்கள் இருந்தார்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் வாச்சாத்தி இன்றைக்குச் சந்தனக்கட்டை பறிமுதல் செய்த ஊராக மட்டுமே வனத்துறைப் பதிவேட்டில் இருந்திருக்கும்.

புகார் தாமதமாக வந்தது, ஆகவே பொய்யானது என்று எதிர்த்தரப்பு வைத்த வாதத்தையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். குற்றம் செய்தவரின் காவலிலேயே இருக்கிற பெண் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாள்? மகாராஷ்டிராவில் 1972இல் மதுரா என்ற பழங்குடிச் சிறுமிக்குக் காவல் நிலையத்தில் நேர்ந்த கொடுமையில், அவள் எதிர்த்ததற்கான காயம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர்களை விடுவித்தது. நாடு கொதித்த பிறகு 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமையில், தனக்குச் சம்மதம் இல்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்று விசாரிக்க வேண்டும் என்ற நிலை அதன் பின்தான் வந்தது. வாச்சாத்திப் பெண்களின் சொல் நீதிமன்றத்தில் எடுபட்டதற்கு, அதற்கு முன்னால் ஒரு பழங்குடிப் பெண் தோற்றுப்போக வேண்டியிருந்தது. 1990இல் நடைமுறைக்கு வந்திருந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுத்தது. சட்டங்கள் இல்லாத நாடு இல்லை இது. அந்தச் சட்டங்களை மலையடிவாரம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டியிருப்பதுதான் சிக்கல்.

சந்தனக்கட்டையின் கணக்கு

ஊர்க்காரர்கள் மரம் வெட்டத்தானே செய்தார்கள், அதை எப்படி நியாயப்படுத்துவது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. சித்தேரி, கல்வராயன், ஜவ்வாது மலைகளில் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் இருந்தார்கள், உண்மைதான். வெட்டியவருக்குச் சட்டப்படி வழக்கும் தண்டனையும் உண்டு. வன்கொடுமையும் வீடு இடிப்பும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் தண்டனையாக எழுதப்படவில்லை. இது முதல் பதில். இரண்டாவது பதில் பொருளாதாரம் சம்பந்தப்பட்டது. 2002இல் சட்டம் திருத்தப்படும் வரை தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் அரசுக்குச் சொந்தம். மரம் வளர்கிற மண்ணில் காலம்காலமாக வாழ்கிறவருக்கு மரத்தில் பங்கில்லை. ஆனால் அதை வெட்டித் தோளில் சுமக்கும் கூலி அவருக்கு, பிடிபட்டால் சிறையும் அவருக்கு. கட்டை காட்டைத் தாண்டிச் சோதனைச் சாவடிகளைக் கடந்து, கிடங்குக்குப் போய், எண்ணெய் ஆலைக்குப் போய்ப் பணமாக மாறுகிற பாதையில் எந்தப் பழங்குடியும் இல்லை. அந்தப் பாதை முழுக்க அதிகாரிகளின் கண் முன்னால் இருக்கிறது. அங்கே தேடாமல் அடுப்படியிலும் தானியக் குதிரிலும் தேடினார்கள்.

இந்தக் கணக்கு 1992ஓடு முடியவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாக 20 பேரை அந்த மாநிலச் சிறப்புக் காவல்படை சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்ட மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள் பலர். சித்தேரி மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். வாச்சாத்தி எந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறதோ, அதே மலை. அவர்களைத் தங்கள் மலையில் பிழைக்க முடியாதபடி ஆக்கிவிட்டு, அடுத்த மாநிலத்துக் காட்டுக்குக் கூலியாகப் போன பிறகு குற்றவாளி என்று சுடுவதை எந்த வனப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பது? சர்வதேசச் சந்தையில் செம்மரத்தை வாங்கி விற்கிறவர்கள் மீது அப்படித் துப்பாக்கிகள் திரும்பியதாக எந்தச் செய்தியும் வந்ததில்லை.

“அது வீரப்பன் காலம்”

அந்தக் காலமே அப்படி, சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைப் பிடிக்கப் போன இடத்தில் சில அத்துமீறல்கள் நடந்திருக்கும் என்ற சமாதானம் அதிகாரிகள் வட்டத்தில் இன்னமும் புழங்குகிறது. சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைப் பகுதிகளில் தமிழ்நாடு, கர்நாடக அதிரடிப் படைகள் செய்தவற்றை விசாரிக்க 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழுவின் அறிக்கையை ஒட்டி 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. இழப்பீடு கொடுத்தால் குற்றம் நடந்தது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? ஒப்புக்கொண்ட பிறகும் வாச்சாத்தியில் நடந்ததுபோல அதிகாரிகளைக் கூட்டமாகக் கூண்டில் ஏற்றிய விசாரணை அங்கே நடக்கவில்லை. வாச்சாத்தி விதிவிலக்கு என்கிறார்கள். அங்கே தண்டனை கிடைத்ததுதான் விதிவிலக்கு.

சரி, வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்பட்டுவிட்டார். தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைத் தண்டித்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2011 நவம்பர் 22 அன்று, திருக்கோவிலூர் அருகே தி.மண்டபம் கிராமத்தில் திருட்டு வழக்கு விசாரணை என்று இருளர் பழங்குடிக் குடும்பத்தைப் பிடித்துப்போன போலீஸார் நான்கு பெண்களைத் தைல மரத் தோப்பில் வைத்துச் சீரழித்ததாகப் புகார் எழுந்தது. அங்கே காடும் இல்லை, சந்தனமும் இல்லை, வீரப்பனும் இல்லை. இருளர் என்றால் எந்த வழக்கையும் போடலாம், கேட்க நாதியில்லை என்ற எண்ணம் மட்டும் இருந்தது. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1952இல் ரத்தானது. அந்தச் சட்டத்தின் புத்தி காவல் நிலையங்களில் ரத்தாகவில்லை.

சான்றிதழ் இல்லாதவன் யார்?

வன்முறை செய்தி ஆகிறது. காகிதம் செய்தி ஆவதில்லை. ஆனால் மலைகளில் அன்றாடம் நடக்கிற அநியாயம் காகிதத்தில்தான் நடக்கிறது. பழங்குடிச் சாதிச் சான்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கை, கல்வி உதவித்தொகை, விடுதி, வேலை, வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்குகின்றன. அதற்காக மனுப் போட்டவர் தன் பெற்றோரின் சான்றைக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத அப்பாவுக்கு ஏது சான்று? இல்லையென்றால் விசாரணை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள், கல்யாணம் எப்படிச் செய்கிறீர்கள், வேட்டைக்குப் போவீர்களா என்ற கேள்விகள். கால்சட்டை போட்டுப் பட்டணத்துத் தமிழ் பேசினால் சந்தேகம் வருகிறது. படித்து முன்னேறச் சொல்லுகிற அரசே, முன்னேறியவன் பழங்குடியாக இருக்க முடியாது என்றும் நினைக்கிறது. 2022 அக்டோபரில் தன் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று கேட்டு அலைந்த ஒரு தகப்பன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார்.

எல்லைக்கோடு செய்கிற கொடுமை இன்னொன்று. மலையாளி என்ற பழங்குடி (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே) தர்மபுரியிலும் சேலத்திலும் பழைய ஆர்க்காடு மாவட்டங்களிலும் திருச்சியிலும் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பட்டியலில் இல்லை. பட்டியல் எழுதப்பட்டபோது மாவட்டப் பெயர்களை வைத்து எழுதிவிட்டார்கள். சேலத்து மலையில் பழங்குடியாக இருக்கிற பெண் பர்கூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால், அவள் பெற்ற பிள்ளை பழங்குடி இல்லை. நரிக்குறவர்கள் பல பத்தாண்டு கேட்டு 2023 ஜனவரியில்தான் பட்டியலில் சேர்ந்தார்கள். பர்கூர் மலைக்காரர்களுக்கு இந்தத் தலைமுறையிலாவது விடை கிடைக்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: எண்ணிக்கையும் எடையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர்: 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம்.

எழுத்தறிவு: மாநிலச் சராசரி 80 சதவீதம், பழங்குடியினரிடையே 54 சதவீதம்.

சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள்: ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு. மக்களவையில் ஒன்றும் இல்லை.

அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் ஒரு கிராமம்கூட அதில் இல்லை. ஆகவே பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் இங்கே செல்லாது.

அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்த சட்டம்

2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், காட்டு மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. 1882இல் சென்னை மாகாணத்துக்கு வெள்ளைக்காரன் போட்ட வனச் சட்டத்திலிருந்து தொடங்கிய அநீதி அது. ஒரு கோட்டைப் போட்டு, கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களை அத்துமீறி நுழைந்தவர்கள் ஆக்கினார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் திருப்பிப் போட்டது. யாருக்கு எவ்வளவு உரிமை என்று முதலில் சொல்ல வேண்டியது கிராம சபை. அதன் பிறகுதான் கோட்ட அளவிலான குழு, மாவட்டக் குழு. உரிமை விசாரணை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. தேன், கடுக்காய், நெல்லி போன்ற சிறு வன மகசூல் ஊராருக்குச் சொந்தம். மேய்ச்சல், நீர்நிலை, காட்டைப் பாதுகாக்கிற உரிமை ஊருக்கு. இந்தச் சட்டம் அதன் எழுத்துப்படி நடந்தால், 1992இல் வாச்சாத்திக்குள் நுழைந்தது போல ஒரு படை நுழைய முடியாது. சோதனை போட வருகிறவர், அந்தக் காட்டில் சட்டப்படி உரிமையும் பொறுப்பும் உள்ள ஒரு சபைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படி ஒரு சபையால் என்ன முடியும் என்பதை 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலை காட்டியது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று உச்ச நீதிமன்றம் அந்த மலைமக்களையே கேட்கச் சொன்னது. டோங்ரியா கோந்த் மக்களின் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. வேதாந்தா நிறுவனம் மலையை விட்டு விலக வேண்டியதாயிற்று. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா கிராமம் தன் காட்டு மூங்கிலைத் தானே விற்றது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. சட்டத்தின் விதிகள் வெளியான 2008ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டயம் வழங்குவது நின்றுபோனது. அந்தத் தடை 2016இல்தான் விலகியது. எட்டு ஆண்டுகள் மற்ற மாநிலங்கள் நடந்த தூரத்தைத் தமிழ்நாடு நின்ற இடத்தில் நின்று பார்த்தது. தடை விலகிய பிறகும் வேகம் பிடிக்கவில்லை. வீட்டுமனை அளவுக்கு, சாகுபடி நிலத்தின் ஒரு துண்டுக்குத் தனிநபர் பட்டயம் தருவதோடு அதிகாரிகள் நிறுத்திக்கொள்கிறார்கள். ஊருக்கே காட்டின் மீது உரிமை தரும் சமூக வன உரிமையைத் தொட மனம் வருவதில்லை. காரணம் வெளிப்படை. தனிப் பட்டயம் கொடுத்தால் வனத்துறையின் அதிகாரம் குறைவதில்லை. சமூக உரிமை கொடுத்தால் குறைகிறது. ஆனைமலையில் கல்லார் காடர் குடியிருப்பு 2019 மழையில் இடிந்தபோது, அந்த மக்கள் தெப்பக்குளமேட்டில் குடிசை போடவே வனத்துறையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. காட்டில் மாற்றிடம் பெறும் வழியைச் சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தும் பட்டயம் கைக்கு வர 2021 ஆனது.

இதற்கு நடுவே 2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுவதும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வரும் நிலை. பதினைந்தே நாளில், பிப்ரவரி 28 அன்று, அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. நிராகரிப்புகள் முறைப்படி நடந்தனவா என்று மாநிலங்கள் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

காடு அழிந்துவிடாதா?

சூழலியல் ஆர்வலர்களில் நேர்மையாகவே கவலைப்படுகிற ஒரு பகுதியினர் உண்டு. காட்டைப் பங்குபோட்டுக் கொடுத்தால் புலியும் யானையும் எங்கே போகும் என்று கேட்கிறார்கள். மதிக்க வேண்டிய கேள்வி. ஆனால் சட்டம் புதிதாகக் காட்டைப் பிரித்துத் தரவில்லை. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருக்கிற நிலத்தைத்தான் அங்கீகரிக்கிறது. அதுவும் அதிகபட்சம் 4 ஹெக்டேர். விற்க முடியாது, கைமாற்ற முடியாது, வாரிசுக்கு மட்டுமே போகும். எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்களின் சமூக வன உரிமை 2011இல் அங்கீகரிக்கப்பட்டது. அதனால் அங்கே புலிகள் ஒழிந்துவிடவில்லை. புலி வாழத் தனிக்காடு தேவைப்படும் இடத்தில் மக்களை மாற்றவும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. கிராம சபையின் சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. அந்த நிபந்தனையைத்தான் பல காப்பகங்களில் நிறைவேற்ற மறுக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் காட்டைத் தனி அதிகாரத்தில் வைத்திருந்த துறையின் காலத்தில்தான் தேக்குத் தோட்டமும் தைல மரக்காடும் தேயிலையும் அணையும் சுரங்கமும் சோலைகளை விழுங்கின. உண்ணிச்செடி மூடிய காடுகளுக்குப் பழங்குடியினர் காரணமில்லை. இன்னொரு பக்கம், சுரங்கத்துக்கும் சாலைக்கும் காட்டை மாற்றுவதற்கு முன் கிராம சபையின் ஒப்புதலை உறுதி செய்யும் பொறுப்பை ஒன்றிய அரசின் 2022ஆம் ஆண்டு விதிகள் மாநிலங்களின் தலையில் கடைசியாகத் தள்ளிவிட்டன. காடு எதனால் அழியும் என்ற கவலை உள்ளவர்கள் அந்த விதிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கீழே இருக்கிற வனக்காப்பாளர் மேலே சொன்னதைத்தானே செய்தார், அவரை மட்டும் சிறைக்கு அனுப்பி என்ன பயன் என்ற இன்னொரு முணுமுணுப்பும் இருக்கிறது. இதில் பாதி நியாயம் உண்டு. உத்தரவு எங்கிருந்து வந்தது என்று வாச்சாத்தி விசாரணையில் கடைசி வரை முழுமையாகத் தோண்டப்படவில்லை. ஆனால் உத்தரவு வந்தது என்பது ஏரிக்கரையில் செய்ததற்குப் பதிலாகாது. மேலே இருந்தவர்களையும் தொட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதன் அருமை இங்கேதான். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள் மீது ஒரு மாவட்டத்தின் நிர்வாகப் பொறுப்பு 31 ஆண்டு கழித்தும் ஏறி உட்காருகிறது. அந்த உத்தரவு கோப்பில் தூங்கிவிட்டால், அடுத்த அதிகாரிக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: கையொப்பம் போடாமல் இருந்தால் போதும்.

வசூலாக வேண்டிய பாக்கி

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியவை அரசுக்கே தெரியும். வாச்சாத்தித் தீர்ப்பின் ஒவ்வொரு உத்தரவும் எந்த நிலையில் இருக்கிறது என்று சட்டமன்றத்தில் அறிக்கை வைக்கலாம்: எவ்வளவு இழப்பீடு சேர்ந்தது, குற்றவாளிகளிடமிருந்து எவ்வளவு வசூலானது, எத்தனை குடும்பத்துக்கு வேலை கிடைத்தது, அந்த மூன்று உயரதிகாரிகள் மீது என்ன நடவடிக்கை. சித்தேரி, கல்வராயன், ஜவ்வாது, பர்கூர், ஆனைமலை, நீலகிரிக் கிராமங்களில் சமூக வன உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுக் காலக்கெடு வைத்து முடிக்கலாம். பழங்குடிச் சாதிச் சான்றை மனுதாரரின் அலைச்சலிலிருந்து விடுவித்து, வருவாய்த் துறையே ஊருக்குப் போய் வழங்கலாம். ஐந்தாவது அட்டவணையில் தமிழ்நாட்டின் மலைக்கிராமங்களைச் சேர்க்கச் சொல்லி ஒன்றிய அரசுக்குத் தீர்மானம் அனுப்பலாம். இவற்றுக்கெல்லாம் புதிதாக ஒரு சட்டமும் தேவையில்லை.

1.1 சதவீத மக்களுக்காக எந்த அரசும் தானாக அவசரப்படாது. இரண்டு தொகுதிகள் ஆட்சியை மாற்றுவதில்லை. ஆகவே மீதியுள்ள 98.9 சதவீதம் பேர் கேட்டாக வேண்டும். உங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, வாச்சாத்தித் தீர்ப்பு எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது, வன உரிமைச் சட்டத்தில் உங்கள் கட்சி என்ன செய்யும் என்ற இரண்டு கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள்.